ஆணையா, அறிவுரையா

எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "இது எந்த வகை?"

மேலிடத்திலிருந்து வந்த மெயிலாக இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வந்த மழை விடுமுறையாக இருக்கட்டும், வகை தெரியாமல் கை வைக்க மாட்டார். அரசாணை என்றால் எழுந்து நின்று வாசிப்பார். சுற்றறிக்கை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசிப்பார். தலைப்பில் 'அறிவுரை' என்று இருந்துவிட்டால் வாசிக்கவே மாட்டார், மடித்து ஜன்னல் கம்பியில் செருகிவிடுவார். எங்கள் பிரிவின் ஜன்னலில் எப்போதும் நாலைந்து அறிவுரைகள் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தலைவலி வரும்.

அரியலூரில் ஒரு அரசு ஆபீஸில் அவர் எங்கள் பிரிவுக்குக் கண்காணிப்பாளர், நான் உதவியாளர். இரண்டு பேருக்கும் வீடு பெரம்பலூர் பக்கம். நான் குரும்பலூரிலிருந்து வந்து பெரம்பலூரில் பஸ் மாறுவேன், அவர் அங்கே ஏறுவார். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கை மாற்றுவார், முன்பக்கம் போவார், திரும்பி வருவார். "உக்காருங்க சார், பாக்கிற எனக்குக் கால் வலிக்குது" என்று ஒருநாள் சொன்னேன். "இருக்கட்டும்மா, உக்காந்தா ஏதோ விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார். என்னத்தை விட்டுவிட்டு வந்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பக்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போகும். அவருடைய கால் அந்தத் தாளத்துக்கு ஆடிக்கொண்டே வரும்.

வகை பிரிக்கும் வேலையை அவர் ஆபீஸோடு விடவில்லை. சர்க்கரை கூடிவிட்டது, இனிப்பு வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, "இது கட்டளைங்களா, இல்ல பொதுவா சொல்றதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சிரித்துவிட்டு, "உங்க நன்மைக்குச் சொல்றேன் சார்" என்றாராம். போதாதா! நன்மைக்குச் சொல்வது அறிவுரை. அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு கடையில் ஜாங்கிரி. அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "இனிமே டாக்டரம்மாவ அரசாணை போடச் சொல்லணும் போலருக்கும்மா" என்றார். அந்தச் சிரிப்பில் பாதி அழுகை.

அவர் கத்தோலிக்கர். ஆபீஸில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'வத்திக்கான் சார்' என்போம். பேச்சுக்குப் பேச்சு "சங்கம்" என்பார். நான் சேர்ந்த புதிதில் ஊழியர் சங்கத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, ஸ்ட்ரைக் எப்போது என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அந்தச் சங்கம் இல்லம்மா. உலகத்துல இருக்கிற ஆயருங்க எல்லாரையும் பாப்பரசர் ரோமாபுரிக்குக் கூப்பிட்டுக் கூட்டுன பொதுச்சங்கம். ரெண்டாம் வத்திக்கான் சங்கம். அறுபதுகள்ல நடந்துச்சு" என்று டீக்கடையில் பாடம் ஆரம்பித்தார். டீ ஆறி ஏடு கட்டியது, பாடம் முடியவில்லை.

அவருடைய வழக்கு இதுதான். அதற்கு முந்தின சங்கம், பாப்பரசர் விசுவாச விஷயத்தில் அதிகாரத்தோடு வரையறுத்துச் சொன்னால் அதில் தவறு வராது என்று தீர்த்துச் சொன்னது. அதை மறுப்பவன் சபைக்கு வெளியே என்றும் சொன்னது. அது ஆணை. அறுபதுகளில் நடந்த சங்கம் அப்படி எதையும் புதிதாக வரையறுக்கவில்லை, யாரையும் வெளியே தள்ளவில்லை. மக்களை மேய்க்கும் வழிகளைப் பேசத்தான் கூடினோம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் பாருங்கள், லத்தீன் போய்ப் பூசை தமிழுக்கு வந்தது, பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் ஜனங்களைப் பார்த்து நின்றார், வேறு சபைக்காரரோடு சேர்ந்து ஜெபிக்கலாம் என்றார்கள்.

"அப்ப இது எந்த வகைம்மா?"

"நீங்களே சொல்லுங்க சார்."

"சுற்றறிக்கை. ஒரு சுற்றறிக்கை அரசாணைய ரத்து பண்ணுமா?"

"பண்ணாதுங்க சார்."

"அவ்ளோதான்" என்று ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

எனக்கு இதில் எந்தக் கட்சியும் கிடையாது. எங்கள் ஊர் அய்யனார் இதுவரை ஒரு சுற்றறிக்கைகூட அனுப்பியதில்லை. ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்தியது. பாப்பரசர் என்கிற பெரிய சாமியே சரி என்று சொன்னபிறகு இவர் ஏன் குறுக்கே நிற்கிறார்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தக் கதையாக இருந்தது. வெற்றி பெற்றவன் போலப் பேசுவார். கண் மட்டும் ஏனோ யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று அலைந்துகொண்டிருக்கும்.

பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். எங்கள் பிரிவில் லப்பைக்குடிக்காட்டுப் பாய் ஒருவர் தட்டச்சர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் துபாயில், இவர் மட்டும் அரியலூர்த் தூசியில். ஒருநாள் பாய் சொன்னார், "எங்கள்ளயும் கட்டாயம் செய்யணும்னா ஃபர்ளு, செஞ்சா நல்லதுன்னா சுன்னத்துன்னு வகையெல்லாம் இருக்கு சார்." இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாம்மா, பாத்தியா!" பாய் நிறுத்தவில்லை. "ஆனா எங்க வாப்பா இருக்காங்களே, சுன்னத்துதானேன்னு யாராச்சும் விட்டுட்டு வந்தா, ஏன்டா விட்டேன்னுதான் கேப்பாங்க. வகையக் கேக்க மாட்டாங்க." இவர் கொஞ்சநேரம் பாயின் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடினார். பிறகு வராந்தாவுக்குப் போய் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு தடவை, கீழப்பழுவூர்ப் பக்கத்துச் சின்னப் பங்குக் கோயிலிலிருந்து இளவயது சாமியார் ஒருவர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் அளவு விஷயமாக வந்திருந்தார். வந்த மனிதரை உட்காரக்கூடச் சொல்லாமல் வராந்தாவிலேயே மடக்கிவிட்டார் இவர். சாமியார் கோபப்படவில்லை, நழுவவும் இல்லை.

"புதுசா கோட்பாடு எதையும் வரையறுக்கலங்கறது உண்மைதான் சார். அதுக்காக ஒண்ணுமே சொல்லலன்னு ஆயிடுமா? பாப்பரசரும் ஆயருங்களும் ஒண்ணா உக்காந்து பேசி, ஒண்ணா கையெழுத்துப் போட்டுப் போதிச்சது. வரையறுத்தத விசுவாசமா நம்பணும். வரையறுக்காத போதனைய மனசும் புத்தியும் பணிஞ்சு ஏத்துக்கணும். ரெண்டுக்கும் கனம் வேற, ஒத்துக்கறேன். கனம் கம்மின்னா காத்துல பறக்க விடலாம்னு அர்த்தம் இல்லீங்க."

"கனம் வேறன்னு நீங்களே சொல்லிட்டீங்கல்ல சாமி!" என்று இவர் குதித்தார். சாமியார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் யார் பேச முடியும்? ஆனால் அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மறுபடி மறுபடி, "மனசும் புத்தியுமாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொரோனாவுக்குப் பிறகு கோயில்களில் நன்மையைக் கையில்தான் கொடுப்போம் என்றார்களாம். நன்மை என்றால் பூசையில் கொடுக்கும் அப்பம். இவர் முழங்காலிட்டு நாக்கில் வாங்கித்தான் பழக்கம். கையில் வாங்க மறுத்து, மாதக்கணக்காக நன்மை வாங்காமலே வந்தார். பசித்தவன் கோபித்துக்கொண்டு இலையை விட்டு எழுந்த மாதிரிதான். "கல்யாணமான புதுசுல சாதாரணமாத்தாம்மா இருந்தாரு" என்று அவர் மனைவி சொன்னார். "அவங்கப்பா தவறிப்போனதுக்கு அப்புறந்தான் இப்படி ஆயிட்டாரு."

ஒரு வெயில் காலத்தில் நில அளவுத் தகராறு ஒன்றைப் பார்க்க ஆபீஸ் ஜீப்பில் கீழப்பழுவூரைத் தாண்டி ஒரு ஊருக்குப் போனோம். தெருமுனையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னவர், அன்றைக்கு அதிசயமாக இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு அம்மா சொம்பில் மோர் எடுத்துக்கொண்டு ஜீப்பிடம் வந்து நின்றார். சாருடைய அதே மூக்கு, அதே அகல நெற்றி. நின்ற இடத்தில் நிற்காத கால்கூட அதே கால்.

"எறங்குடா. அந்தா தெரியுது வூடு."

"நேரம் இல்லக்கா."

"உன் ஜீப்பு, உன் நேரம்" என்று சிரித்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார். "நீங்களாச்சும் ஒருநாள் வாங்கம்மா. இவன் வர மாட்டான்."

திரும்பும் வழியில் அவராகவே பேசினார். நான் கேட்கவில்லை.

அக்கா லுத்தரன் சபைக்காரரான ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டார். அவர்கள் கோயிலில்தான் கல்யாணம். கத்தோலிக்கக் கோயிலில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிறகு அக்காவின் முதல் குழந்தை, நடக்கப் பழகின வயதில், காய்ச்சலில் செத்துப்போனது. செய்தி கேட்டு அப்பாவுக்கு மனசு தாங்கவில்லை. இவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இவர் அப்போது காலேஜ் படிக்கிறார். இதே தெருமுனைவரை வந்தார்கள். வீட்டில் பாஸ்டர் ஜெபம் ஆரம்பித்து, எல்லோரும் பாடத் தொடங்கினார்கள். அப்பா நின்றுவிட்டார்.

"வேற சபை ஜெபத்துல நாம நிக்கப்படாது, திருச்சபைச் சட்டம்னாரும்மா. நான் சொன்னேன், சங்கம் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆயிருச்சுப்பா, நம்ம சாமியாரே போலாம்னுதான சொன்னாருன்னேன். சங்கம் பேச்சுக்குச் சொன்னது, சட்டம் சட்டந்தாண்டான்னுட்டாரு. திரும்பிட்டோம்."

ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"சங்கம் சொன்னது ஆணைன்னு வச்சுக்க. அப்ப நாங்க அன்னிக்கு எதுக்குத் திரும்புனோம்? அதனால அது சுற்றறிக்கையாத்தாம்மா இருக்கணும்."

இத்தனை நாள் டீக்கடையில் ஆறவைத்த வாதமெல்லாம் ஒரு குழந்தையின் சாவுக்குப் போகாமல் திரும்பியதற்குக் கட்டிய முட்டு. அதை எடுத்தால் அப்பா விழுந்துவிடுவார், அப்பா விழுந்தால் இவரும் விழுவார். பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. மோர்ச் சொம்போடு நின்ற அந்த அம்மாவின் பக்கத்தில் எந்த வகையையும் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் வாத்தியார் இறந்துபோனார். காலையில் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காக பெங்களூர் போயிருந்தார். "கோடி எடுக்கணும்மா. எனக்குப் புடவையெல்லாம் தெரியாது. கொஞ்சம் வர முடியுமா?"

புருஷன் இறந்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். உடன்பிறந்தவன் கொண்டுவந்து தோளில் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இது ஒன்றுதான். அது வரவில்லையென்றால் உனக்கென்று யாரும் இல்லை என்று ஊர் முன்னால் சொன்னதாக அர்த்தம். அரியலூர்க் கடைத்தெருவில் நான் எடுத்துக்காட்டிய புடவை எதையும் அவர் பார்க்கவே இல்லை. கடை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கடைசியில் நானே வெளிர்நீலத்தில் ஒன்றை எடுத்தேன்.

அதே தெருமுனையில் இறங்கினோம். பந்தல் தெரிந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. கூடவே பாட்டும் கேட்டது. அவர் நின்றுவிட்டார்.

"ஜெபம் முடியட்டும்மா."

"சார், முடிஞ்சா தூக்கிருவாங்க."

"முடியட்டும்" என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நடக்க ஆரம்பித்தார். மின்கம்பம்வரை போவார், வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைப் பிடுங்கி நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் போட்டால் அது வெறும் புடவை.

பந்தலிலிருந்து ஒரு அம்மா வேகமாக வந்தார். "பொறந்த வூட்டுக் கோடி வந்துருச்சாங்க? பாஸ்டர் ஐயா எடுக்கலாங்கறாரு. இல்லன்னா பங்காளி வூட்டுப் பையன விட்டுப் போடச் சொல்லட்டுமா?"

அந்த அம்மாவுக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. வராந்தாவில் மடக்கப்பட்ட அதே இளவயது சாமியார். வாத்தியார் அந்த ஊரில் பாதிப்பேருக்குப் பாடம் எடுத்தவர் என்பதால் மரியாதைக்கு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"உள்ள வாங்க சார்."

"சாமி, நீங்க அந்தச் சங்கம் சொன்னத வச்சு உக்காந்துருக்கீங்க. அது என்னக் கட்டுப்படுத்தாது. எங்கப்பா அன்னிக்கு இதே எடத்துலேருந்து திரும்புனது பழைய சட்டத்த வச்சு."

"சரி சார், சங்கத்த விட்டுருங்க. அது நடக்கவே இல்லன்னு வச்சுக்குங்க. பழைய சட்டத்துக்கே வாங்க. வேற சபை வழிபாட்டுல கலந்துக்கப்படாதுன்னு அதுல இருக்கு. உங்கப்பா சொன்னது அதைத்தான். ஆனா அது மொதப் பிரிவு. அதுக்குக் கீழயே ரெண்டாவது பிரிவு ஒண்ணு இருக்கு. எழவு, கல்யாணம் மாதிரி எடத்துல, மரியாதைக்காகப் போய் நிக்கலாம். கூடச் சேந்து ஜெபிக்கப்படாது, அவ்ளோதான். சந்தேகம்னா ஆயரக் கேட்டுக்கணும்."

"இது எப்பலேருந்து?"

"சங்கத்துக்கு ரொம்ப முந்தியே. உங்கப்பா பொறக்கறதுக்கும் முந்தி."

"போய் நிக்கலாமா?"

"நிக்கலாம் சார். யாரும் கேட்டுருக்க மாட்டாங்க, சொல்லியும் இருக்க மாட்டாங்க. பாவம் அவரு, தெரிஞ்சவரைக்கும் கீழ்ப்படிஞ்சுட்டாரு."

இரண்டாவது பிரிவைப் பார்க்காமல் கோப்பு வைத்தவர்களை இந்த மனிதர் என்ன பாடு படுத்துவார் என்று எங்கள் பிரிவுக்கே தெரியும். நானே எத்தனை முறை அழுதிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலைத்தான் பார்த்தேன். ஆடவில்லை. சாமியார் அவர் முழங்கையைத் தொட்டார். அவர் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

பாட்டு இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. பாடினவர்களைத் தாண்டி, பாஸ்டரைத் தாண்டிப் போனார். அக்கா பெட்டியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். இவர் பையிலிருந்து புடவையை எடுக்கத் தெரியாமல் எடுத்து, பிரிக்கத் தெரியாமல் பிரித்து, அக்காவின் தோளில் போட்டார். கடை அட்டைகூட உள்ளேயே இருந்தது. அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வந்துட்டியாடா" என்றார். பிறகு, அழுத குரலிலேயே, "சட்டம் மாறிப்போச்சா?" என்று கேட்டார்.

இல்லாததைச் சொல்லியிருக்கலாம். ஆமாக்கா, மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை போதும். அக்கா நம்பியிருப்பார், அப்பாவும் தப்பித்திருப்பார். நான் மனசுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

"எதுவும் மாறலக்கா" என்றார் அவர். "அப்பவே வந்துருக்கலாமாம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து, தூக்குகிறவர்கள் கிட்டே வந்தார்கள்.

"அன்னிக்கு ரெண்டு பேரும் தெருமுனையில நின்னீங்க, பாத்தேன்" என்றார் அக்கா, பெட்டியின்மேல் கை வைத்து. "வெயில்ல நிக்கிறாங்களே, கூட்டிட்டு வாங்கன்னு இவரத்தான் அனுப்புனேன். இவரு வந்து பாக்கறதுக்குள்ள நீங்க பஸ் ஏறிட்டீங்க."

பெட்டியில் இருந்த மனிதரின் முகத்தை எங்கள் சார் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பெட்டியைத் தூக்கக் குனிந்த நாலு பேரில் ஒருவரை விலகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தோளைக் கொடுத்தார்.